மூச்சுவிட ஓர் இடைவேளை

மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

உன் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று உன் வீட்டுக்காரர் மென்று விழுங்கிச் சொன்னார். நம் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பாவம் அவர் படும் பாடு. பரவாயில்லை, தபாலை நீ தடுக்க முடியாது. கையில் கிடைத்ததைப் படிக்காமல் விடவும் மாட்டாய். சின்ன வயதில் எனக்கு வந்த கடிதங்களையே பிரித்துப் படித்தவள் நீ.

முதலில் விருந்து விஷயம். மூன்று மாதம் என்று காலையில் என்னைக் கட்டிப்பிடித்துச் சொல்லிவிட்டு, மத்தியானம் உன் அத்தானின் பிறந்தநாள் விருந்துக்கு நடுவே கொல்லைப்பக்கம் நின்று சிகரெட் பிடித்தாய். நான் வந்து பிடுங்கினேன். பக்கத்தில் இருந்த ஜூஸில் அமுக்கினேன். அந்த ஜூஸ் எங்கள் பள்ளித் தலைமையாசிரியருடையது என்று எனக்குத் தெரியாது. அவர் எடுத்துக் குடித்த பிறகுதான் தெரிந்தது. அவருக்கு மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டேன். உனக்குக் கொடுக்கவேண்டும் என்று உன் அத்தான் சொல்கிறார். எதற்கு என்று நான் கேட்டேன். அவர் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

இப்போது முக்கியமான விஷயம். நகரமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். கர்ப்பிணிகளுக்குக் கடைக்காரர்கள் சிகரெட்டோ மதுவோ விற்கக் கூடாது. புகைப்பவர், குடிப்பவர் யார் என்று மகப்பேறு மருத்துவமனை சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உன்னை மனதில் வைத்து எழுதியதா என்று கேட்பாய். ஆமாம்.

நீ என்ன வேண்டுமானாலும் சொல். உன் உடம்பு, உன் இஷ்டம். ஆனால் உள்ளே இருக்கிறதே, அதற்கு வாய் இல்லை. அதற்காக வெளியே யாராவது பேசித்தானே ஆகவேண்டும்?

பால் குடிக்கிறாயா?

உன் அக்கா


மார்ச் 11

மாண்புமிகு நகரமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பிரித்துப் படித்தேன். இந்தத் தடவை உறையில் என் பெயரே இருந்ததால் பழைய சுவாரசியம் இல்லை.

குடி விஷயத்தில் என் பக்கம் சுத்தம். அந்த வாசனையே எனக்கு ஆகாது, உனக்குத் தெரியும். சிகரெட் உண்மை. தெரிந்த நாளிலிருந்து குறைத்துக்கொண்டே வருகிறேன். முழுசாக விட முடியவில்லை. ஏன் என்று நீ கேட்கவில்லை, பிடுங்கத்தான் தெரிந்தது. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

எங்கள் சலவை ஆலையை நீ பார்த்ததில்லை. ஊரில் உள்ள ஹோட்டல், ஆஸ்பத்திரி எல்லாவற்றின் படுக்கை விரிப்பும் எங்களிடம்தான் வரும். நான் உருளை இஸ்திரியில் நிற்கிறேன். ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உள்ளே தள்ளவேண்டும். நீராவி முகத்திலேயே அடிக்கும். உட்கார நாற்காலி கிடையாது. சாப்பாட்டு நேரம் தவிர ஓய்வும் கிடையாது, புகை பிடிப்பவர்களுக்குத் தவிர. எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சைரன். வாயைத் திறந்தால் அப்படித்தான் இருக்கும். அவரே பெரிய புகைவண்டி. அதனால் “ஒரு தம் போட்டுட்டு வரேன் சார்” என்றால் தலையாட்டிவிடுவார். பின்கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு, கொஞ்சம் காற்று, இரண்டு பேரோடு சிரிப்பு. சேர்ந்த புதிதில் நான் அந்தப் பெஞ்சுக்காகத்தான் சிகரெட்டைத் தொட்டேன் அக்கா. அப்புறம் அது என்னைத் தொட்டுக்கொண்டது. இதைத் தடை போட்டு நிறுத்த முடியாது, உன் தீர்மானத்தில் எந்தத் தடையும் வேண்டாம்.

ஜூஸை நான் மறந்துவிட்டேன். தலைமையாசிரியரின் முகத்தை நினைத்து பஸ்ஸில் தனியாகச் சிரித்தும்விட்டேன். ஆனால் பிடுங்கும்போது எல்லோர் முன்னாலும் ஒன்று சொன்னாயே, “உனக்கெல்லாம் எதுக்குடி பிள்ளை” என்று. அது உன் கடிதத்தில் எங்கேயும் இல்லை. எழுத மறந்தாயா, எழுத முடியவில்லையா?

பால் குடிக்கிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு.

தங்கை


மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

பெஞ்சு விஷயம் எனக்குப் புரியவில்லை. உட்கார இடம்தான் வேண்டும் என்றால், சிகரெட் இல்லாமல் போய் உட்கார வேண்டியதுதானே? கையில் ஒரு ஆரஞ்சுப்பழத்தோடு போ. வைட்டமினும் ஆச்சு.

தீர்மானத்துக்கு இங்கே நல்ல வரவேற்பு. செய்தித்தாளில் என் படத்தோடு வந்திருக்கிறது. படத்தில் வாய் திறந்திருக்கிறது. “எப்பவும் அப்படித்தானே இருக்கும்” என்கிறார் உன் அத்தான். மன்றத்திலேயே பலமாகக் கை தட்டியவர் யார் தெரியுமா? மதுக்கடை வைத்திருக்கும் உறுப்பினர். “தாய்மை புனிதமானது” என்று மேஜையைத் தட்டினார். அவர் கடையிலும் இன்னும் சில கடைகளிலும், தீர்மானம் வரும் முன்பே, கர்ப்பிணிகளுக்கு விற்பதில்லை என்று அட்டை தொங்கவிட்டிருக்கிறார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

நீ கேட்ட கடைசிக் கேள்விக்கு இன்னொரு நாள் பதில் எழுதுகிறேன். மாணவர்களின் விடைத்தாள் குவிந்து கிடக்கிறது.

அக்கா


ஏப்ரல் 30

அக்கா,

எல்லோரும் நலம். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. ஸ்கேனுக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தங்கை


மே 5

அடியே,

“பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று எழுதுகிறவளா நீ? நாலு வரியில் கடிதம் முடிக்கிறவளா? உடனே உன் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். லிஃப்ட் ரிப்பேருக்கு எங்கேயோ ஏழாவது மாடியில் நின்றுகொண்டிருந்தார். “நான் சொன்னேன்னு சொல்லாதீங்க” என்று ஆரம்பித்தார். நான் சொல்கிறேன், அவர்மேல் கோபப்படாதே.

ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விட்டு உள்ளே போகாமல் திரும்பிவிட்டாயாம். காத்திருந்த இடத்தில் நர்ஸ் கையில் அந்தச் செய்தித்தாள் இருந்ததாம். என் படத்தைக் காட்டி, “இந்தம்மா சொல்றதுதான் சரி. இதுங்களையெல்லாம் பேர் எழுதிக் கொடுக்கணும்” என்று யாரோ ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் தங்கை. முந்தின நாள்தான் திரும்பவும் ஒரு பாக்கெட் வாங்கியவள்.

பிள்ளைக்காகப் பேசுகிறேன் என்று கிளம்பினேன். அந்தப் பிள்ளையையே டாக்டர் பார்க்க முடியாமல் செய்துவிட்டேன்.

விருந்தில் சொன்ன வார்த்தை. எழுத மறக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. யாருக்குச் சொல்லியிருந்தாலும் தப்பு, உனக்குச் சொன்னது பெரிய தப்பு. நம் அம்மா போன பிறகு உன் தலையை வாரி, ரிப்பன் கட்டி, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான். அந்த உரிமையில் எதையும் சொல்லலாம் என்று நினைத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு. இதற்கு மேல் அழகாக எழுத எனக்கு வரவில்லை.

ஸ்கேனுக்குப் போ. பாக்கெட் கையில் இருந்தாலும் போ. வழியில் ஒன்று பிடித்திருந்தாலும் போ. டாக்டரிடம் மறைக்காதே, அவ்வளவுதான் கேட்கிறேன்.

அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

போய்விட்டு வந்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியைப் படிக்காமல் கடைசிப் பக்கத்துக்குத் தாவுவாய்.

அன்றைக்கு நர்ஸ் திட்டினாரே, அந்தப் பெண்ணும் என்னோடு சேர்ந்தே எழுந்து வெளியே வந்துவிட்டாள். பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு பஸ்ஸை விட்டோம். அப்புறம் அவள்தான், “உங்களுக்கு எது?” என்று கேட்டாள். நான், “சிகரெட். உங்களுக்கு?” என்றேன். “பீர்.” அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏதோ ஹோட்டலில் ஆர்டர் கொடுக்கிற மாதிரி.

ஆர்டர் எடுக்கிற இடத்தில்தான் அவளுக்கு வேலையும். பெரிய ஹோட்டலில் சமையல்காரி. எங்களிடம் துவைக்க வரும் மேஜை விரிப்புகளில் பாதி அவள் ஹோட்டலுடையது. அடுப்படியில் வேலை முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஒன்று குடித்துவிட்டுப் போவது அங்கே பழக்கமாம். வேண்டாம் என்றால் பெரிய இவள் என்று பார்ப்பார்களாம். கணவர் கப்பலில். கேட்க ஆளில்லை, பேசவும் ஆளில்லை. “விடணும்னு தெரியாமலா இருக்கு? யாரும் அதட்டாம எப்படி விடறதுன்னு சொன்னா போதும்” என்றாள்.

உன் கடிதம் வந்த மறுநாள் அவளுக்குப் போன் செய்தேன். இரண்டு பேரும் சேர்ந்து போனோம். அந்த நர்ஸ் பக்கமே பார்க்காமல் நேரே டாக்டர் அறைக்கு. டாக்டர் வயதில் உன்னைவிடச் சின்னவர். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “எந்த நேரத்துல ரொம்பத் தோணுது?” அக்கா, இத்தனை பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், இதை யாருமே கேட்டதில்லை.

குழந்தை இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கிறதாம். இப்போது விட்டாலும் பலன் உண்டு, லேட் என்று எதுவும் கிடையாது என்றார். பழக்கத்தை விட உதவுகிற பிரிவுக்கு இருவரையும் அனுப்பினார். பீரைப் பற்றி அவளிடம், “ஒரு கிளாஸ் பரவாயில்ல, ரெண்டு பரவாயில்லன்னு எங்களால ஒரு கணக்கும் சொல்ல முடியாது. மொத்தமா விடறதுதான் நல்லது” என்று பளிச்சென்று சொல்லிவிட்டார். மறைக்கவும் இல்லை, மிரட்டவும் இல்லை. ஸ்கேன் திரையில் என் மகனோ மகளோ காலை ஆட்டியது. பார்த்ததும் நான் அழுதேன். சமையல்காரி எனக்கு முன்னாலேயே அழ ஆரம்பித்துவிட்டாள், அது அவள் பிள்ளைகூட இல்லை.

இனி பெஞ்சுக் கதை. உன் ஆரஞ்சு யோசனையை, நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தேனே, அதற்கு முந்தின நாளே செய்து பார்த்தேன். பழத்தோடு போய் உட்கார்ந்தேன். சைரன் வந்தார். “என்ன, சும்மா உக்காந்திருக்க?” என்றார். “தம் விட்டுட்டேன் சார்.” “அப்ப உள்ள போ.” அன்றைக்குச் சாயங்காலம்தான் பாக்கெட் வாங்கினேன்.

டாக்டரிடம் போய் வந்த பிறகு மறுபடி போய் உட்கார்ந்தேன். கையில் ஒன்றுமில்லை. அவர் வந்து, “தம் அடிக்காதவங்களுக்கு எதுக்கு பிரேக்?” என்றார்.

“மூச்சு விட சார்” என்றேன்.

அவர் வாயில் சிகரெட் இருந்தது. எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் நின்றார். என்னோடு விரிப்பு பிடிக்கும் மடிப்புக்காரி உள்ளேயிருந்து வந்தாள். அவள் வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை, அதனால் அந்தப் பெஞ்சையும் பார்த்ததில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, “நல்லா காத்து வருதே, இதையா இவ்ளோ நாளா ஒளிச்சு வச்சிருந்தீங்க?” என்றாள். பின்னாலேயே தலையணை உறைப் பிரிவு மொத்தமும் வந்தது. பெஞ்சில் இடமில்லாமல் சைரன் நின்றபடியே இருக்க வேண்டியதாயிற்று. உருளை சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில், “சரி, சரி, முறை வச்சுப் போங்க, எல்லாரும் ஒண்ணா வராதீங்க” என்று கத்திவிட்டுப் போய்விட்டார். இப்போது முறை வைத்துப் போகிறோம்.

மன்னிப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அதன்மேல் பால் கொட்டிவிட்டது. ஆனால் படித்தேன். சரியாகிவிட்டது அக்கா. உன் எண்ணையும் விடுவித்துவிட்டேன். ஆனாலும் எழுது. போனில் நீ என்னைப் பேசவிடுவதில்லை.

தங்கை


ஜூன் 2

அன்புத் தங்கைக்கு,

இதை நீ படித்து முடித்ததும் கிழித்துவிட வேண்டும். உன் வீட்டுக்காரரிடம் காட்டக் கூடாது. சமையல்காரியிடமும்தான்.

சனிக்கிழமை உன் அத்தானின் நண்பர்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. ஒயின் வாங்க மதுக்கடைக்குப் போனேன். வெயில் என்பதால் அந்தத் தொளதொள நீல கவுனைப் போட்டிருந்தேன், உனக்குத் தெரியும், கூடாரம் என்பாயே, அது. கல்லாவில் இருந்த பெண் பாட்டிலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் கீழே பார்த்தாள். முகம் மலர்ந்தது. “வாழ்த்துகள் மேடம். ஆனா இது தர முடியாது” என்று அட்டையைக் காட்டினாள். என் தீர்மானம். என் வாசகம். எழுத்துப்பிழைகூட என்னுடையதே.

“எனக்கு நாற்பத்தெட்டு வயசும்மா” என்றேன்.

“அப்படின்னா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும் மேடம்” என்றாள்.

வரிசையில் பின்னால் இருந்த ஒருவர், “பாவம், முதல் பிள்ளை போலிருக்கு” என்றார். அவருக்குப் பின்னால் தலைமையாசிரியர் நின்றிருந்தார். அவருக்கும் எனக்கும் பானங்களில் ராசியே இல்லை.

பாட்டிலை வைத்துவிட்டு வந்துவிட்டேன். உன் அத்தானிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு எல்லோருக்கும் எலுமிச்சை ஜூஸ்தான்.

ஆனால் மறுநாள் சிரிப்பு போய்விட்டது. கர்ப்பமே இல்லாத நான், ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த நான், வயிற்றை இன்னொருத்தி பார்வையால் அளந்ததில் கூசிப்போய் ஓடிவந்தேன். உன் சமையல்காரி அந்த இடத்தில் நின்றால் என்ன செய்வாள்? வேறு கடைக்குப் போவாள். அல்லது வேறு யாரையாவது அனுப்புவாள். டாக்டர் கேட்டால் இல்லை என்பாள். பீர் அப்படியே இருக்கும், டாக்டர் மட்டும் போய்விடுவார்.

அதற்காக, யாரும் எதையும் கேட்கக் கூடாது, அவரவர் பாடு என்று விட்டுவிடவும் எனக்கு மனசு வரவில்லை. உன் பெஞ்சை நினைத்தேன். நீ புகை பிடித்ததில் அந்த ஆலைக்கும் பங்கு இருக்கிறது. அவள் குடித்ததில் அந்த அடுப்படிக்கும் பங்கு இருக்கிறது. தடை போடுவதானால் அங்கே போடவேண்டும். தீர்மானத்தை மாற்றி எழுதிவிட்டேன். விற்பனைத் தடை இல்லை, பெயர் கொடுப்பது இல்லை. கர்ப்பிணிகள் வேலை செய்யும் இடத்தில் உட்கார நாற்காலி, ஓய்வு நேரம், அவர்களைச் சுற்றிப் புகை கூடாது. மருத்துவமனை வாசலில் யாரும் புகைக்கக் கூடாது. பழக்கத்தை விட உதவும் பிரிவு, உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இருப்பது போல, இங்கேயும் வேண்டும்.

என்ன நினைக்கிறாய்? உன் பெஞ்சை மன்றத்தில் சொல்லலாமா? பெயர் சொல்ல மாட்டேன்.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. மன்னித்துக்கொள். சாப்பாட்டு நேரத்தில் ஆலையில் உரக்கப் படித்தேன். மடிப்புக்காரிக்கு விக்கல் வந்துவிட்டது. “உங்க அக்காவ ஒரு தடவ பார்க்கணும்” என்கிறார்கள் எல்லோரும். சைரன்கூடச் சிரித்தார், நாங்கள் பார்க்காத பக்கம் திரும்பிக்கொண்டு.

பெஞ்சைத் தாராளமாகச் சொல். நாற்காலியையும் விடாதே. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள், ரொம்பக் கண்டிப்பாக. பிள்ளைக்கு அப்பா ஆகப் போகிறவர்களை யாருமே ஒன்றும் கேட்பதில்லை. டாக்டர் சொல்லித்தான் எனக்கே உறைத்தது, வீட்டில் அடுத்தவர் விடும் புகையும் உள்ளே போகிறதாம். என் வீட்டுக்காரர் பிடிப்பதில்லை, ஆனால் என் மாமனார் கூடத்தில் உட்கார்ந்து ஊதுவார். நேற்று அவர் நாற்காலியைத் தூக்கி மொட்டைமாடியில் போட்டுவிட்டேன். “என் வீட்டுல எனக்கே தடையா?” என்றார். “ஆமா மாமா” என்றேன். நான் பேசியது உன் குரலில் இருந்தது. எனக்கே பயமாகப் போய்விட்டது.

தடையே கூடாது என்று மார்ச் மாதம் உன்னிடம் சண்டை போட்டவள் நான். அதைச் சுட்டிக்காட்ட வேண்டாம். எனக்கே தெரியும்.

சமையல்காரி ஒருமுறை வழுக்கினாள். மறுநாளே தானாக அந்தப் பிரிவுக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். அடுப்படி வேலை முடிகிற நேரத்தில் இப்போது நான் அவளுக்குப் போன் செய்கிறேன். கண்டதையும் பேசுவோம். பேசிக்கொண்டே அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

எனக்கு இன்னும் தோன்றுகிறது அக்கா. நீராவி முகத்தில் அடிக்கும்போது தோன்றும். அப்போது பெஞ்சுக்குப் போகிறேன்.

தங்கை


ஜூலை 9

அன்புத் தங்கைக்கு,

நேற்று வாக்கெடுப்பு. உன் பெஞ்சைச் சொன்னேன். “மூச்சு விட சார்” என்று நீ சொன்னதைச் சொன்னபோது பார்வையாளர் பகுதியில் யாரோ கை தட்டினார்கள். பார்த்தால் மதுக்கடைக் கல்லாப் பெண். கல்லாவுக்குப் பின்னால் அவளுக்கும் நாற்காலி கிடையாதாம்.

அவளுடைய முதலாளி எழுந்தார். கர்ப்பிணிகளைத் தடுக்கும்போது தாய்மை புனிதம் என்று மேஜையைத் தட்டியவர், வேலை செய்யும் இடத்தில் நாற்காலி, ஓய்வு என்றதும், “இது தனிமனித சுதந்திரத்தில் தலையிடுவது” என்றார். நான் கேட்டேன், “பெண்களுக்கு மட்டும் அட்டை தொங்கவிட்டபோது அந்தச் சுதந்திரம் எங்கே போயிருந்தது?” மன்றம் சிரித்தது. அவர் தண்ணீர் குடித்தார்.

நாற்காலியும் ஓய்வும் ஜெயித்தன. உதவிப் பிரிவும் ஜெயித்தது. மருத்துவமனை வாசல் விஷயத்தை ஒரு குழுவுக்குத் தள்ளிவிட்டார்கள். குழு என்றால் என்ன என்று உனக்குத் தெரியும், அங்கே போனது அவ்வளவு சுலபத்தில் திரும்பாது. அப்பாக்களைப் பற்றி நீ சொன்னதைப் படித்தபோது பாதிப் பேர் கூரையைப் பார்த்தார்கள். அதை நான் விடப்போவதில்லை.

முதல் தீர்மானத்தை நானே எதிர்த்துப் பேசியதால் செய்தித்தாளில் என்னைப் பல்டி என்று எழுதியிருக்கிறார்கள். இந்தப் படத்திலும் வாய் திறந்துதான் இருக்கிறது. போகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கூப்பிட்டால் வருகிறேன். கூப்பிடாமல் வந்து நின்று உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உனக்குத் தெரியும்.

அக்கா


ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

என் வீட்டுக்காரர் போனில் விஷயத்தைச் சொன்னபோது அவர் அழுதது மட்டும்தான் உனக்குக் கேட்டிருக்கும். முழுசாக நான் எழுதுகிறேன்.

பெண். நேற்றுக் காலை பிறந்தாள். எடை கொஞ்சம் குறைவுதான், பயப்பட ஒன்றுமில்லை, பால் குடித்தால் ஏறிவிடும் என்றார் அந்தச் சின்ன டாக்டர். குடிக்கிறாள். உறிஞ்சுகிற சத்தம் அடுத்த கட்டிலுக்குக் கேட்கிறது. கை விரலெல்லாம் சரியாக இருக்கிறதா என்று நான் எண்ணிப் பார்த்தேன், என் வீட்டுக்காரர் எண்ணினார், மாமனார் குளித்து, சட்டை மாற்றி, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி எண்ணினார். கொப்பளிக்கச் சொன்னது நான் இல்லை. அவராகவே.

சமையல்காரி நிறைமாத வயிற்றோடு மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். அவளுக்கு அடுத்த வாரம். கப்பல்காரரும் வந்துவிட்டாராம். பிள்ளையை வெகுநேரம் மடியில் வைத்திருந்தாள். போகும்போது, “நல்லா இருக்கா” என்றாள். அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்று எனக்குப் புரிந்தது. அவள் கையை நான் விடவில்லை.

உன் மகளைப் பற்றி இன்னும் ஒரு விஷயம் சொல்லவேண்டும். உன் மகள் என்றுதான் எழுதுகிறேன், பெரியம்மாவுக்கும் பாதி உண்டு. ஆள் சின்னது, குரல் அப்படியில்லை. பிறந்ததும் ஒரு சத்தம் போட்டாள், பிரசவ அறையில் டாக்டர் கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டார். நேற்று மத்தியானம் ஆரம்பித்ததில் வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. அந்தச் செய்தித்தாள் நர்ஸ் ஓடிவந்தார். “இத்தனூண்டு உடம்புல இவ்ளோ சத்தமா, யார் மாதிரி இது?” என்று கேட்டார்.

“அவ பெரியம்மா மாதிரி” என்றேன். “நகரமன்றத்துல இருக்காங்க.”

உடனே கிளம்பி வா அக்கா. நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் யார் குரல் ஜெயிக்கும் என்று இங்கே பந்தயம் கட்டியிருக்கிறார்கள். நான் அவள் பக்கம்.

தங்கை